பாடி, பார்டர், தலைப்பு

சுயம்புலிங்கம் அண்ணாச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. இரண்டே இரண்டு கலரை முடிவுசெய்ய ஒரு மனுஷர் ஏழு செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்வாரா? எடுத்துக்கொண்டார். அதுவும் இருபத்திரண்டு வருஷமாகக் கலரை விற்றே சாப்பிடுகிறவர். என் பிரவுசிங் சென்டரில், என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் பிராணனை வாங்கினார். இரண்டு வரிக்கு மேல் அந்தக் கோபமும் தாங்காது, சிரிப்பு வந்துவிடும்.

தி.நகரில் ஒரு பெரிய பட்டுக்கடை. பேர் வேண்டாம். முதல் மாடியில் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் வெள்ளைச் சட்டையும் காதில் பென்சிலுமாக நிற்பார் அண்ணாச்சி. தென்காசிப் பக்கத்துக்காரர். அவருடைய பெருமையெல்லாம் ஞாபகசக்திதான். ஒரு பெண்ணுக்கு ஒருதரம் புடவை எடுத்துப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். முகம் மறந்துபோகும், பேர் மறந்துபோகும், புடவை மட்டும் மறக்காது.

எனக்கே நடந்தது. தொண்ணூற்றொன்பது ஜூன் மாதம், தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போனேன். ஆறு வருஷம் கழித்து அந்தக் கடைப்படி ஏறுகிறேன். என்னைப் பார்த்ததும் அவர், "வாங்கம்மா. தொண்ணூத்தி மூணுல வெங்காயக் கலர் எடுத்தீங்க, மெந்தியப் பச்சைக் கரை. நல்லா உழைச்சுதா?" என்றார். அதைக் கட்டிக்கொண்ட எனக்கே கரை என்ன கலர் என்று மறந்துவிட்டது. ஆத்துக்கு வந்து பீரோவைக் குடைந்து பார்த்தேன். மெந்தியப் பச்சையேதான்.

அன்றைக்குப் பேச்சுவாக்கில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். "கச்சேரி ரோடுல, மாடியில பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கேன். இன்டர்நெட்டுல பக்கம் போடவும் சொல்லித் தரேன்" என்றேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பில்லின் பின்பக்கத்தில் விலாசத்தை எழுதிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய வார லீவு நாள், 12பி பஸ் பிடித்து வந்து மாடி ஏறினார். செருப்பை வாசலில் விட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"டீச்சர், அமெரிக்காவுல இருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தாவ. அவங்க அப்பா அம்மாவுக்கு இருவத்தஞ்சாவது கல்யாண நாளாம். இன்டர்நெட்டுல அவங்களுக்குன்னே ஒரு பக்கம் போட்டிருக்காவளாம். வர்ற ஆவணி இருவத்தேழு எங்களுக்கும் இருவத்தஞ்சு. சீதாவுக்கு அப்படி ஒண்ணு போடணும்."

சீதா என்றால் அவர் மனைவி. "பேஷாப் போடலாம். என்னென்ன வரணும்?" என்று கேட்டேன்.

"எங்க கல்யாண போட்டோ. அடியில நாலு வரி. பக்கம் மட்டும் அவ முகூர்த்தப் புடவைக் கலர்லயே இருக்கணும்."

"அவ்வளவுதானே? என்ன கலர்?"

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அங்கதான் டீச்சர் சிக்கல்" என்றார்.

மறந்துவிட்டார்! சென்னையில் பாதிப் பெண்களுடைய புடவையைக் கரையோடு ஒப்பிக்கிற மனுஷருக்குத் தன் பெண்டாட்டியின் முகூர்த்தப் புடவை என்ன கலர் என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். சீதா ரொம்ப வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. "ஊர்ப் பொம்பளைங்க புடவையெல்லாம் மனப்பாடம். எங்கிட்ட இருக்கதுல ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்" என்பாராம். இவர் மழுப்புவாராம். ஒருதரம், முந்தின நாள் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன புடவையைக் கேட்டிருக்கிறார். இவர் நீலம் என்றாராம். அது சிவப்பு. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

போதாக்குறைக்கு இவரே போய் வலிய மாட்டிக்கொண்டார். பக்கம் போடுகிற குஷியில், "உன் முகூர்த்தப் புடவைக் கலர்லயே போட்டுக் காட்டுதேன் பாரு" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சீதா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது என்ன கலர்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லாம என்ன?" என்றாராம் இவர்.

"சரி, போடுங்க. தப்பாப் போட்டீங்கன்னா இனிமே நான் இந்தக் கேள்வியே கேக்கமாட்டேன்."

அதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "சண்டை போடுவேன்னு சொல்லியிருந்தா பரவால்ல டீச்சர். கேக்கவே மாட்டேன்னுல்லா சொல்லுதா. அதுதான் பயமா இருக்கு" என்றார். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

யாரையாவது விசாரிக்கலாமே என்றேன். புடவையை எடுத்தது அவருடைய அம்மா, அவர் காலமாகிப் பத்து வருஷம். சங்கரன்கோவிலில் தங்கச்சி ஒருத்தி உண்டு, அவளிடம் கேட்டால் ஃபோனை வைத்த கையோடு சீதாவுக்குச் சொல்லிவிடுவாள். எழுபத்துநாலில் எடுத்த போட்டோ கறுப்பு வெள்ளை. அந்தப் புடவையோ, பாதி மகளுக்கு விவரம் தெரியாத வயசிலேயே பட்டுப்பாவாடையாகிக் கிழிந்தது. மீதியைப் பழைய ஜரிகை வாங்குகிறவனிடம் போட்டு, எவர்சில்வர் தூக்குவாளி வாங்கிவிட்டார்கள்.

"தூக்குவாளி வீட்டுல இருக்கு டீச்சர். தெனமும் பாக்கேன். அதுல கலர் ஒண்ணும் தெரியல" என்றார்.

சரி, பக்கத்தை முதலில் அமைப்போம், கலர் தன்னால் ஞாபகம் வரும் என்று நான் தைரியம் சொன்னேன். அப்போதெல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாக இடம் கொடுக்கிற கம்பெனிகள் ஆயத்தமாகச் சில டிசைன்களும் கொடுக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். நட்சத்திரம் மின்னுகிற ராத்திரி வானம். அருவி. ரோஜாப்பூ. பக்கம் முழுக்கக் கரடிபொம்மை. அண்ணாச்சி ஜவுளிக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கஷ்டமான கஸ்டமர் மாதிரி எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது பிரிண்டு. ரெண்டு தண்ணில போயிரும்."

"சரி, இந்த ரோஸ்?"

"இங்கிலீஷ் கலர். காலேஜ் பிள்ளைங்க எடுக்கது." வெளிறின கலருக்கெல்லாம் அவர்கள் கடையில் இங்கிலீஷ் கலர் என்று பேர்.

"கறுப்பு போட்டு, மேல எழுத்து பளிச் பளிச்சுனு மின்னினா ரொம்ப நன்னா இருக்கும் அண்ணாச்சி. இப்ப எல்லாரும் அப்படித்தான் போடறா."

"கறுப்பா! கல்யாண நாளுக்கா?"

"அப்ப வெள்ளை?"

"ஏன் டீச்சர், நான் உசுரோட இருக்கது உங்களுக்குப் பிடிக்கலயா?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ரெடிமேட் பிடிக்கவில்லை என்றால் நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று, பக்கத்தின் பின்னால் இருக்கிற கட்டளைகளைத் திறந்து வைத்தேன். ஓடிப்போவார் என்று நினைத்தேன். "இதோ பாருங்கோ, இங்க பாடின்னு இருக்கோல்லியோ, அதுக்குப் பக்கத்துல கலரோட நம்பரைப் போடணும். இது பார்டர். எத்தனை அகலம்னு இங்க போடணும்."

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன சொன்னீங்க? பாடியா?"

"ஆமாம்."

"பார்டரா?"

"ஆமாங்கறேனே."

"அட, இது நம்ம தொழில்லா!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாடி கலர், பார்டர் கலர், பார்டர் அகலம். இதைத்தான் நான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சொல்லுதேன். இதைப் போயி நாலாயிரம் ரூவா கட்டிப் படிக்காங்களா?"

அந்த நாலாயிரம் என் வாசல் போர்டில் எழுதியிருந்த ஃபீஸ். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அப்ப இது என்ன, மேல தனியா?"

"அது டைட்டில். தலைப்பு."

சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் மயிலாப்பூரில் முந்தானைக்குத் தலைப்பு என்றுதான் பேர். 'தலைப்பு நன்னா இல்லையே' என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தள்ளிவைக்கிற மாமிகளை அவர் தினம் பார்க்கிறவர். விடுவாரா?

"தலைப்பை எதுக்கு டீச்சர் ஆரம்பத்துல வச்சிருக்கீங்க? ஆரம்பம் இடுப்புல சொருகுற பக்கம்லா? அங்க போயி ஜரிகையைப் போட்டா யாரு பாப்பா? தலைப்பு கடைசியில வரணும். தோள்ல இருந்து தொங்கணும்."

"அண்ணாச்சி, இது வேற தலைப்பு."

"எந்தத் தலைப்பா இருந்தாலும் கடைசியிலதான்."

ஒரு மணி நேரம் வாதாடினேன். முடியவில்லை. பக்கத்தின் வலது கோடியில், அடியில், தங்கநிறக் கட்டம் போட்டு, அதற்குள் 'சுயம்புலிங்கம் – சீதா' என்று பெரிதாக எழுதினோம். தலைப்பு கீழே இருக்கிற இணையப் பக்கத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் கலர் வேட்டைதான். அப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒழுங்காகத் தெரியும் என்று இருநூற்றுப் பதினாறு கலர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆறு எழுத்து நம்பர். அண்ணாச்சி ஒரு நோட்டு போட்டு, நம்பருக்கு எதிரே பேர் எழுத ஆரம்பித்தார். மாம்பழம், அரக்கு, வாடாமல்லி, கத்திரிப்பூ, மயில் கழுத்து, பொன்வண்டு. நூற்றுப் பத்துக்கு மேல் பேர் வைத்துவிட்டார். ஒரு கலரைப் பார்த்து மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இதுக்குப் பேர் இல்ல டீச்சர். இதை யாரும் எடுக்கமாட்டாங்க" என்றார்.

இன்னொரு கூத்தும் உண்டு. பட்டுக்கடையில் யாரும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் புடவையை முடிவுசெய்வதில்லை. வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். அண்ணாச்சிக்கு அது ரத்தத்தில் ஊறின பழக்கம். கத்திரிப்பூவைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினேன். "வெளிச்சத்துல பாக்கணுமே" என்றார். "கம்ப்யூட்டரை எப்படி வெயில்ல விரிக்கறது?" என்று கத்தினேன். அவர் பாட்டுக்கு எழுந்து, மானிட்டரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, வயர் எட்டுகிற தூரம் இழுத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒவ்வொரு கலருக்கும் ஒருதரம் திருப்புவார், மறுபடி உள்ளே திருப்புவார். ஏழு வாரத்தில் அந்த மானிட்டர் எத்தனைதரம் திரும்பியிருக்கும் என்று எனக்குக் கணக்கே இல்லை.

கலர் மட்டும் ஞாபகம் வரவில்லை. முதல் வாரம் கத்திரிப்பூ என்று சத்தியம் செய்தார். அடுத்த வாரம் அது யாரோ தாம்பரத்து அம்மாவுக்கு எண்பத்தொன்றில் போட்டது என்று வாபஸ் வாங்கிக்கொண்டார். வாடாமல்லி என்றார். அது கடை முதலாளி மச்சினி கல்யாணத்தில். அவர் தலைக்குள் ஊரார் புடவையெல்லாம் அடுக்கடுக்காக இருந்தது, சீதாவுடையது மட்டும் அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது வாரம் பாவம், மனுஷர் சவரம்கூடச் செய்யாமல் வந்தார். ஆவணி இருபத்தேழுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஏழாவது செவ்வாய் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நோட்டை மூடுங்கோ. கண்ணையும் மூடுங்கோ. தாலி கட்டறச்சே எதைப் பார்த்தேள்? அதைச் சொல்லுங்கோ!"

கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணையும் பாக்கல டீச்சர். கயிறு நுனியத் தேடிட்டிருந்தேன்."

"என்ன நுனி?"

"தாலிக்கயிறு. ஒரு நுனி கையில இருக்கு, இன்னொண்ணு நழுவி அவ தோள்ல விழுந்துட்டு. தேடுதேன், தேடுதேன், ஆம்புடல. எல்லாரும் சிரிக்காங்க. மேளக்காரர் கொட்டிட்டே இருக்காரு, பாவம். பெறகு எங்க அம்மா வந்துதான் எடுத்துக் குடுத்தா."

"கண்ணெதிரே விழுந்த கயிறு எப்படித் தெரியாமப் போகும்?"

"கயிறும் மஞ்சள். புடவையும்..." அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "மஞ்சள்! டீச்சர், மஞ்சள்! மாம்பழ மஞ்சள்! ரெண்டும் ஒண்ணாக் கலந்து கெடந்துச்சு. அதான் தெரியல!"

"கரை?"

"அரக்கு. மாம்பழ மஞ்சள்னா எங்க அம்மா அரக்குக் கரையைத் தவிர வேற தொடவே மாட்டா." அந்த நடுவயசு மனுஷர் குதித்தே விட்டார். எனக்கும் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. பாடிக்கு மாம்பழ மஞ்சள் நம்பரையும் பார்டருக்கு அரக்கு நம்பரையும் அவர் கையாலேயே போட்டார். மானிட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டினார்.

ஆவணி இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண சீசனில் ஞாயிறு லீவு கொடுக்க முதலாளி மூக்கால் அழுதாராம். நான் சென்டரைக் கழுவித் துடைத்து, பக்கத்தைத் திறந்து, மஞ்சளாக இருக்கிறதா என்று நாலுதரம் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணாச்சி புது வேட்டியில் ஏறிவந்தார். பின்னால் சீதாம்மா. ஒல்லியான உடம்பு, பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகைப்பூ. வாசலிலேயே நின்று, நிதானமாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

"இரு சீதா, வெளிச்சத்துல காட்டுதேன்" என்று அண்ணாச்சி மானிட்டரை அணைத்து ஜன்னல் பக்கம் ஒரு திருப்பு திருப்பினார்.

திரை பச்சையாக இருந்தது.

மஞ்சள் இல்லை. நல்ல கிளிப்பச்சை. அரக்குக் கரை இருக்கவேண்டிய இடத்தில் கருநீலம். நடுவில் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் நீலம் பாரித்து நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் சீதாம்மா, "இதுதான்" என்றார்.

"என்னது?" என்றார் அண்ணாச்சி.

"கிளிப்பச்சை. நீலக் கரை. இதுதான் என் முகூர்த்தப் புடவை." கிட்டே வந்து, திரையில் இருந்த எழுத்தையெல்லாம் படித்தார். கீழே தலைப்பு வரைக்கும் வந்து நின்றார். "ஞாபகம் வச்சிருக்கீங்களே" என்று சொல்லி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஒருசேரத் தலையாட்டினோம்.

மறுநாள் மெக்கானிக் வலியுல்லாவை வரச்சொன்னேன். மானிட்டருக்குப் பின்னால் தலையை விட்டவர், ஒரு நிமிஷத்தில் வெளியே எடுத்தார். "இன்னாமா, இத்த இப்டி இஸ்துகினே இருந்தா இன்னாத்துக்கு ஆவும்? கேபிள் லூசா கீது. செவப்பு வர்ற பின்னு ஒடிஞ்சிகினு கீது."

"அதனால பச்சையாத் தெரியுமா?"

"செவப்பும் பச்சையும் சேந்தாத்தாம்மா இதுல மஞ்சள் வரும். செவப்பு பூட்ச்சின்னா மிச்சம் இன்னா? பச்சதான். கரையில செவப்பு போனா நீலந்தான் நிக்கும்." புதுக் கேபிளை மாட்டினார். பக்கம் மறுபடி மாம்பழ மஞ்சளாகப் பளிச்சென்று வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அண்ணாச்சியைக் கடைக்கு ஃபோன் செய்து கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நான் போட்டது தப்பு. ஒங்க ஒயர்தான் என்னைக் காப்பாத்தியிருக்கு" என்றார். எங்கேயாவது, எப்போதாவது சீதாம்மா பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று, பக்கத்தை நிஜமாகவே கிளிப்பச்சையாகவும் கருநீலமாகவும் மாற்றிவிடச் சொன்னார். மாற்றினேன். பழையதைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு ஃபிளாப்பியில் வைத்துக்கொண்டேன். ஃபோனை வைக்கிறதற்கு முன்னால் அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அப்ப அந்தக் கயிறு, டீச்சர்? பச்சைப் புடவையில மஞ்சக் கயிறு பளிச்சுனுல்லா தெரியும்? நான் எதைத் தேடினேன்?"

ஃபோனை வைத்துவிட்டு, ஃபிளாப்பியை அலமாரியில் பத்திரப்படுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், சீதாம்மா தனியாக வந்தார். கட்டியிருந்தது புத்தம்புது கிளிப்பச்சைப் பட்டு, கருநீலக் கரை. அவருடைய நிறத்துக்கு அது கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை.

"அவரு எடுத்துட்டு வந்தாரு. தறிக்காரர்கிட்டச் சொல்லி நெய்யச் சொன்னாராம்." உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். "எனக்குப் பச்சைன்னாலே ஆகாது டீச்சர்."

"என்னது!"

"ஒரு ஒத்தாசை செய்யணும். அந்தப் பக்கத்துல கலரை மாத்த முடியுமா? அவருக்குத் தெரிய வேண்டாம். ஒரே ஒரு தடவை. நான் மட்டும் சரியான கலர்ல பாத்துக்கிடுதேன், பெறகு பழையபடி பச்சையாக்கிருங்க."

எனக்குத் தலை சுற்றியது. "அன்னிக்கு இதுதான்னு சொன்னேளே?"

"அவரு முகத்தைப் பாத்தீங்கல்லா? வேத்து ஊத்துது. எனக்காக ரெண்டு மாசமா இங்க வந்து கஷ்டப்பட்டிருக்காரு. தப்புன்னு எப்படிச் சொல்ல? எந்தக் கலர் வந்திருந்தாலும் இதுதான்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுக்குப் போயி அடுப்படியில நின்னு அழுதேன். பெரிய விசயமில்லதான். ஆனா இத்தனை வருசத்துல அந்த ஒண்ணையாவது வச்சிருப்பாருன்னு நெனச்சேன். இனிமே கேக்கமாட்டேன்னு சொல்லியிருந்தேன், கேக்கல. ஆனா மனசு கேக்குதே."

"அம்மா, நிஜக் கலர் என்ன?" என்று கேட்டேன்.

"மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை."

அலமாரியிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துப் போட்டேன். அது கடகடவென்று சத்தம்போட்டு, ஒரு யுகம் எடுத்துக்கொண்டு, கடைசியில் பக்கத்தைத் திறந்தது.

சீதாம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "சொல்லதுக்குள்ள எப்படிப் போட்டீங்க?"

"நான் போடலை. உங்காத்துக்காரர் போட்டது. அன்னிக்கு நீங்க மாடி ஏறற வரைக்கும் இப்படித்தான் இருந்தது. வெளிச்சத்துல காட்டறேன்னு திருப்பினாரே, அப்பத்தான் ஒயர் போயிடுத்து." பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு செவ்வாயும், நோட்டும், கத்திரிப்பூவும், கடைசியில் தோளில் விழுந்த கயிறும். "புடவையும் கயிறும் ஒரே மஞ்சள், அதான் நுனி தெரியலைன்னு சொல்லிண்டு இதே எடத்துல குதிச்சார்."

சீதாம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவே இல்லை. "நுனி தோள்ல இல்ல டீச்சர். என் மாலையில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். கல்யாணப் பொண்ணு வாயத் தொறந்து எப்படிச் சொல்லுவா? இவரு பாட்டுக்குத் தோளைத் தடவுதாரு." திரையில் இருந்த மஞ்சளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே துணியைப் பார்ப்பது போலத் தொட்டார். "கரை மட்டும் கொஞ்சம் அகலம். என்னது ரெண்டு விரல்தான்."

பக்கத்தை மஞ்சளாக்கி, பார்டரையும் குறைத்து இன்டர்நெட்டில் ஏற்றினேன். சீதாம்மா நகர்கிற வழியாக இல்லை. "இனி அவருகிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியலையே. பச்சைன்னு நான்தான சொன்னேன்" என்றார். எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. இப்படி ஒருத்தருக்கொருத்தர் மனசு நோகக்கூடாது என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தால் இன்னும் எத்தனை பச்சைப் புடவை வருமோ! "எழுந்திருங்கோ" என்றேன். சென்டரைப் பூட்டி, அவரை என் கைனடிக் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நேரே தி.நகருக்கு விட்டேன்.

வழியில் கேட்டேன். இத்தனை வருஷத்தில் சீதாம்மா ஒருதரம்கூட அந்தக் கடைக்குள் போனதில்லையாம். "அவரு கொண்டாருவாரு, நான் கட்டுவேன். அங்க எனக்கு என்ன வேலை?" என்றார்.

முதல் மாடி. புதன்கிழமை மத்தியானமானதால் கூட்டம் இல்லை. அண்ணாச்சி குனிந்து ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பெஞ்சருகே யாரோ வந்து நிற்பது தெரிந்ததும், நிமிராமலே, "வாங்கம்மா, உக்காருங்க. என்ன கலர் பாக்கீங்க?" என்றார்.

சீதாம்மா உட்கார்ந்து, பச்சை முந்தானையை மடியில் போட்டுக்கொண்டார்.

"மாம்பழ மஞ்சள் பாடி. அரக்கு பார்டர், ரெண்டு விரல்" என்றார். "தாலிக்கயிறு விழுந்தா நுனி தெரியக் கூடாது."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அண்ணாச்சி மெதுவாக நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"மஞ்சள்தானா?" என்றார்.

"மஞ்சள்தான்."

காதிலிருந்த பென்சிலை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பவும் வைத்துக்கொண்டார். பிறகு ஏணியில் தானே ஏறி, மேல் தட்டில் கடைசியாக இருந்த ஒரு புடவையை உருவிக்கொண்டு இறங்கினார். கவுண்டரில் விரிக்கவில்லை. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கவுண்டரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்.

"வாசலுக்கு வா சீதா" என்றார். "வெளிச்சத்துல பாப்போம்."